கெண்டைக்காலின் ஆழத்தில் ஊசி: அது எங்கே போய் நிற்கிறது?

கல்லடிக்காற்று | சனி, இரவு 9.12

எனக்கு 34 வயது. விடிய எழும்பி கல்லடிக் கடற்கரை வீதியில் ஓடுகிறவன். மூன்று மாதமாக வலது காலில் வலி. முன்னெலும்பின் உள் ஓரத்தோடு, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே. முதலில் ஓடத் தொடங்கும்போது மட்டும் வந்து சூடு பிடித்ததும் போய்விடும், பிறகு ஓடி முடித்தாலும் நின்றது, போன கிழமை படியிறங்கவே நொந்தது.

தனியார் இடமொன்றில் ஒரு பிசியோவிடம் போனேன். இடமும் பெயரும் வேண்டாம், அவரைக் குறை சொல்ல வரவில்லை. "டிபியாலிஸ் போஸ்டீரியர்" என்ற ஆழத்துத் தசை இறுகியிருக்கிறது, ட்ரை நீட்லிங், அதாவது மருந்தில்லாத வெறும் ஊசியைத் தசைக்குள் குத்துவது, செய்வோம் என்றார். முதல் தடவை பிரச்சினை இல்லை. இரண்டாவது தடவை இன்னும் நீளமான ஊசி எடுத்தார், பக்கற்றில் 0.30 × 60 மி.மீ. என்று இருந்தது. உள்பக்கமாகக் குத்தி மெல்ல உள்ளே விடும்போது உள்ளங்காலில் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. நான் கத்திவிட்டேன். உடனே வெளியில் எடுத்து, "நரம்புப் பக்கம் போய்ட்டு, பயமில்லை" என்றார். அடுத்த நாள் அந்த இடத்தில் உழுந்து வடை அளவுக்கு நீலம்.

கேள்வி இதுதான். கையால் தொட முடியாத ஆழத்தில் இருக்கிற தசைக்குள் ஊசி போய்ச் சேர்ந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது தடவைக்கு வியாழன் வரச் சொல்லியிருக்கிறார். போகவா?

மருதமுனைத்தறி | சனி, இரவு 10.05

தம்பி, பயப்படாதீங்க. நான் கைத்தறிக்காரன், முப்பது வருசமா மிதிபலகையை மிதிச்ச கால். கெண்டை கல்லு மாதிரி கிடந்தது. எனக்கும் இந்த ஊசி போட்டாங்க, குத்தினதும் தசை மீன் துள்ளுற மாதிரி ஒரு துள்ளு துள்ளிச்சு, அன்று இரவு நல்லா நொந்தது, மூன்றாம் நாள் காலைத் தூக்கிப் போட்டு நடந்தேன். மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை.

சும்மாகேட்கிறேன் | சனி, இரவு 10.20

இது அக்குபங்சர்தானே? பெயரை மாற்றி இங்கிலீஷில் சொன்னால் காசு கூடவா?

ஊசிமுனை | ஞாயிறு, காலை 6.48

அம்பாறை மாவட்டத்தில் பிசியோவாக வேலை செய்கிறேன், நானும் இந்த ஊசி போடுகிறவள்தான். அதனால் எனக்குப் பக்கச்சார்பு இருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் அக்குபங்சர் கேள்வி. ஊசி ஒன்றுதான், வரைபடம் வேறு. அக்குபங்சர் தன் சொந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் பார்க்கிறது. ட்ரை நீட்லிங் தசைக்குள் இருக்கும் இறுகின முடிச்சைத் தேடுகிறது. ஜேனட் டிராவல் என்ற அமெரிக்க டொக்டர், கென்னடிக்கு வைத்தியம் பார்த்தவர், டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அந்த முடிச்சுகளைப் பற்றி 1983ல் பெரிய புத்தகம் எழுதினார். அவர்கள் அதிகம் சொன்னது மருந்து ஏற்றுவதைப் பற்றி. அதற்கு முன்பே, 1979ல், செக் நாட்டு கரேல் லெவிட் மருந்தே இல்லாமல் வெறும் ஊசியாலும் வலி குறைகிறது என்று எழுதியிருந்தார். "ட்ரை" என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம், உள்ளே எதுவும் ஏற்றுவதில்லை.

இனி உங்கள் கால். தம்பி, தமிழில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உணர்ச்சி கடத்துவதும் நரம்பு, ரத்தம் ஓடுகிற பச்சைக் குழாயும் நரம்பு, குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருப்பதும் நரம்பு. ஆஸ்பத்திரியில் ஒருவர் "நரம்பில குத்திட்டாங்க" என்று வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, கரண்ட் அடித்ததா, நீலம் பாய்ந்ததா என்பதுதான். உங்களுக்கு இரண்டும் நடந்திருக்கிறது, இரண்டும் வேறு வேறு விஷயம். நீலத்துக்குப் பெரும்பாலும் தோலுக்குக் கீழே ஓடுகிற சின்ன ரத்தக்குழாய்தான் காரணமாக இருக்கும், காலின் உள்பக்கத்தில் அவை நிறைய, இரண்டு கிழமையில் மஞ்சளாகிப் போய்விடும். உள்ளங்காலில் அடித்த கரண்ட்தான் யோசிக்க வேண்டியது. உள்ளங்காலுக்குப் போகிற நரம்பு, டிபியல் நரம்பு, கெண்டையின் ஆழத்தில்தான் இறங்குகிறது. ஊசி அதன் பக்கத்தில் போயிருக்கிறது.

இப்போது உள்ளங்காலில் மரத்தல், எரிவு, விரல் மடக்கப் பலம் குறைவு ஏதாவது இருக்கா? இல்லையென்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், மெல்லிய ஊசி தொட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் அப்படியே அடங்கிவிடும்.

கல்லடிக்காற்று | ஞாயிறு, காலை 8.30

மரத்தல் இல்லை அக்கா, அன்று பின்னேரமே சரியாகிவிட்டது. ஆனால் "ஆழம்" என்றால் எவ்வளவு ஆழம்? அதுதான் பிடிபடவில்லை.

மூன்றாம்மேசை | ஞாயிறு, பகல் 1.15

மருத்துவ பீட மாணவன், உடற்கூற்றுப் பரீட்சை இன்னும் கனவில் வருகிறது, அதனால் இதைச் சொல்லலாம்.

காலைப் பின்பக்கமிருந்து திறந்தால் முதலில் இரண்டு தலையுள்ள பெரிய கெண்டைத் தசை. அதைத் தூக்கினால் அடியில் சோலியஸ், தட்டையாக, நாங்கள் நினைத்ததைவிட மிகத் தடிப்பாக. சோலியஸையும் எலும்பிலிருந்து பிரித்துப் புரட்டினால் ஒரு மெல்லிய சவ்வு வரும், அந்தச் சவ்வுக்குக் கீழே டிபியல் நரம்பும் அதோடு ஒட்டி பின்பக்க டிபியல் நாடியும் (காலுக்கு ரத்தம் கொண்டுவருகிற குழாய்) சேர்ந்து ஒரு கட்டாக இறங்கும். நாங்கள் கத்தியை வைத்துவிட்டு விரலால்தான் பிரித்தோம், அவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டுக்கும் முன்னால், ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த கணைக்கால் உள்ளெலும்புக்கும் வெளியெலும்புக்கும் நடுவில், இரண்டையும் இணைக்கிற சவ்வில் ஒட்டிக்கிடப்பதுதான் டிபியாலிஸ் போஸ்டீரியர். காலில் அதைவிட உள்ளே வேறு தசை இல்லை. பாதத்தை உள்ளே திருப்புவதும் பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிப்பதும் அதன் வேலை.

இப்போது ஊசியோடு யோசியுங்கள். பின்பக்கம் நடுவிலிருந்து நேரே குத்தினால் வழியிலேயே நரம்பும் நாடியும். முன்பக்கமிருந்து, இரண்டு எலும்புக்கும் இடையால் போனால், அங்கே முன்பக்க நாடியும் இன்னொரு நரம்பும் அந்தச் சவ்வின் மேலேயே படுத்திருக்கும். வெளிப்பக்க எலும்பை ஒட்டி உள்ளே இன்னொரு நாடி. மிச்சம் இருக்கிற நல்ல வழி உள்பக்கம், எலும்பின் ஓரத்துக்குப் பின்னால் நுழைந்து, எலும்பின் பின்முகத்தைத் தழுவிக்கொண்டே போவது. எலும்பை ஒட்டிப் போகும்வரை அந்தக் கட்டு ஊசிக்குப் பின்னால் இருக்கும். கை கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தால் நேரே அதில்தான் போய் முட்டும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதிலும் உள்பக்க வழியில் முதலில் எதிர்ப்படுவது விரல்களை மடக்குகிற தசை, அதற்கப்புறம்தான் இவர். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே என்றால் இந்த இரண்டும் ஒன்றையொன்று குறுக்காகத் தாண்டுகிற இடத்துக்குக் கிட்ட. அங்கே ஊசி எந்தத் தசையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து சத்தியம் செய்ய என்னால் முடியாது.

கல்லடிக்காற்று | ஞாயிறு, பகல் 2.02

முதல் தடவை தசை துள்ளியது. "துள்ளிட்டு, சரியான இடம்" என்றார். அது அத்தாட்சி இல்லையா?

ஊசிமுனை | ஞாயிறு, இரவு 9.40

துள்ளல், ஊசி ஒரு தசைக்குள் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. நீங்கள் நினைத்த தசை என்பதற்கு இல்லை. சோலியஸும் துள்ளும், விரல் மடக்குகிற தசையும் துள்ளும். கெண்டையின் மேல் தசை என்றால் இரண்டு விரலால் முடிச்சைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு குத்தலாம், துள்ளுவது விரலுக்கே தெரியும். மருதமுனை அண்ணனுக்கு நடந்தது அதுவாக இருக்கும். ஆழத்தில் கிள்ளிப் பிடிக்க ஒன்றும் இல்லை, எலும்பையும் அளவையும் நம்பித்தான் போகிறோம். ஒருவருக்குத் தோலுக்கடியில் விரல் தடிப்புக்குக் கொழுப்பு, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை, ஒரே 60 மி.மீ. ஊசி ஒருவருக்குப் பாதி வழியில் நிற்கும், மற்றவருக்கு நாடியைத் தாண்டும்.

நிச்சயம் பண்ண இரண்டு வழி எனக்குத் தெரியும். ஒன்று, ஊசியில் சின்ன மின்தூண்டல் கொடுத்துப் பார்ப்பது. பாதம் உள்ளே திரும்பினால் டிபியாலிஸ் போஸ்டீரியர், சின்ன விரல்கள் மடங்கினால் மற்றது, பெருவிரல் மட்டும் மடங்கினால் இன்னொன்று. கால் தானே பதில் சொல்லும். மற்றது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஸ்கேனில் நாடி துடிப்பது தெரியும், நிறம் போட்டுப் பார்த்தால் ரத்த ஓட்டமே தெரியும், அதை விலக்கி வழி பார்க்கலாம். ஆனால் ஸ்கேன் வைத்துவிட்டால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊசி மயிர் மாதிரி, செங்குத்தாகப் போனால் திரையில் காணாமலே போய்விடும், சாய்வாக, ஸ்கேனின் தளத்துக்குள்ளேயே கொண்டுபோகப் பழக வேண்டும். எங்கள் பக்கத்தில் பிசியோ அறைக்குள் ஸ்கேன் மெஷின் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள், சிரிப்பு வரும்.

அதனால் என் வழக்கம்: இந்தத் தசைக்கு ஸ்கேன் இல்லாமல் நான் குத்துவதில்லை. குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் கெட்டிக்காரரும் இருக்கிறார்கள். எனக்கு மனம் வராது.

வாவிக்கரை | திங்கள், காலை 7.10

சரி, ஆபத்து உண்மையில் எவ்வளவு? எல்லோரும் நாடி நரம்பு என்று பயமுறுத்துகிறீர்கள். எண்ணிக்கை சொல்லுங்கள்.

ஊசிமுனை | திங்கள், பகல் 12.35

மதிய இடைவேளை, சுருக்கமாக. அயர்லாந்தில் 39 பிசியோக்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2014ல் வந்தது. 7,629 சிகிச்சைகள், அதில் 1,463ல் சின்னச் சின்ன விளைவுகள்: நீலம், ரத்தக்கசிவு, நோவு. பெரிதாக ஒன்றும் பதிவாகவில்லை. 2020ல் அமெரிக்காவில் 420 பிசியோக்கள், 20,464 சிகிச்சைகள், பெரியது என்று எண்ணப்பட்டவை 20.

நல்ல எண்ணிக்கைதான். ஆனால் இரண்டிலும் கணக்கு எழுதினவர்கள் ஊசி போட்டவர்களே. அதோடு கழுத்து, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே சட்டியில். இந்த ஒரு தசைக்கு மட்டும் ஆபத்து எவ்வளவு என்று அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அதில் வருகிற "சின்ன விளைவு"தான் தம்பியின் உழுந்து வடை.

திருக்கோவில்நடை | திங்கள், இரவு 8.50

தங்கச்சி, ஒரு கேள்வி. வருசா வருசம் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவன், பொத்துவில், பாணமை, உகந்தை, அங்கிருந்து குமண காட்டுக்குள்ளால். போன முறை காட்டுக்குள் கெண்டை பிரண்டு மூன்று பேர் தாங்கலாக வந்தேன். இம்முறை போவதற்கு முன் இந்த ஊசி போட்டால் நல்லது என்று மருமகன் சொல்கிறான். எனக்குச் சீனி வருத்தம் 11 வருசம், இருதயத்துக்கு ரத்தம் இளகுகிற குளிசையும் போடுகிறேன்.

ஊசிமுனை | திங்கள், இரவு 10.15

அண்ணன், வேண்டாம். குறிப்பாக ஆழமான ஊசி வேண்டாம்.

ரத்தம் இளகுகிற குளிசை போடுகிறவருக்கு மேலோட்டமான தசையில் கசிந்தால் பஞ்சை வைத்து அமுக்கி நிறுத்தலாம், சவ்வுக்குக் கீழே கசிந்தால் அமுக்க இடமே இல்லை. காலின் தசைகள் இறுக்கமான உறைகளுக்குள் கிடக்கின்றன, உறை விரியாது. உள்ளே ரத்தம் சேர்ந்தால் அழுத்தம் ஏறி தசைக்கு ரத்தம் போவதே நின்றுவிடும். அரிதுதான், ஆனால் வந்தால் மணித்தியாலக் கணக்கில் வெட்டித் திறக்க வேண்டும். ஊசி போட்ட யாருக்காவது நேரம் போகப் போக நோவு கூடி, கெண்டை பலகை மாதிரி இறுகி, கால்விரலை வேறொருவர் மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகிற மாதிரி இருந்தால், விடியட்டும் என்று படுக்காமல் உடனே ஆஸ்பத்திரியின் ஈ.டி.யு.வுக்கு, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எண்ணெய் தடவவும் வேண்டாம்.

சீனி வருத்தக்காரருக்கு இன்னொன்று. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் நரம்பைத் தொட்டாலும் தம்பிக்கு அடித்த மாதிரிக் கரண்ட் அடிக்காது. அந்தக் கரண்ட் ஒரு காவல்காரன். அவன் இல்லாத வீட்டில் நான் இருட்டில் நுழைய மாட்டேன். தொற்று வந்தால் ஆறுவதும் மெதுவாகத்தான்.

மறுகா ஒன்று, இது எல்லோருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டை அமுக்க நோகிறது, கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் வந்த பிறகு, அல்லது ஒப்பரேஷன் செய்து படுத்திருந்த பிறகு. அது தசை இறுக்கமாக இல்லாமல் ஆழத்து ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதை ஊசியால் குத்துவதும் இல்லை, உருவுவதும் இல்லை. டொக்டரிடம் காட்ட வேண்டும்.

அண்ணன் பாதயாத்திரைக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே நடந்து பழகுங்கள், சீனிக் கிளினிக்கில் பாதத்தைக் காட்டுங்கள்.

வாவிக்கரை | செவ்வாய், காலை 6.30

எல்லோரும் ஊசி சரியான இடத்துக்குப் போகிறதா என்றே கதைக்கிறீர்கள். அந்த "முடிச்சு" உண்மையில் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பிசியோக்களை ஒரே காலைத் தொடச் சொன்னால் இரண்டு இடத்தைக் காட்டுவார்கள். 2015ல் குவின்ட்னர் என்ற அவுஸ்திரேலிய டொக்டரும் கூட்டாளிகளும் அந்தக் கொள்கையையே கிழித்து எழுதியிருக்கிறார்கள். இல்லாத ஊருக்கு வழி துல்லியமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மருதமுனைத்தறி | செவ்வாய், காலை 7.45

தம்பி, எனக்கு நோவு போனதே. நான் கொள்கையை மிதிச்சு நடக்கல்ல, மிதிபலகையைத்தான் மிதிக்கிறேன்.

ஊசிமுனை | செவ்வாய், பகல் 12.50

வாவிக்கரை சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். கையால் முடிச்சைக் கண்டுபிடிப்பதில் ஆளுக்காள் வித்தியாசம் என்பது உண்மை, ஆழத்துத் தசையில் அது இன்னும் மோசம். ஊசியால் சில கிழமைக்கு வலி குறைவதைப் பல ஆய்வுகளில் பார்க்கலாம், நீண்ட காலத்துக்கு உடற்பயிற்சியை விட மேல் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அண்ணன்ட கால் சுகமானதில் எனக்குச் சந்தோசம், அதை வாதத்தில் இழுக்க மாட்டேன்.

மூன்றாம்மேசை | செவ்வாய், இரவு 11.20

நேற்றிலிருந்து ஒன்று உறுத்துகிறது. கல்லடி அண்ணா, நீங்கள் காட்டுகிற இடம் எலும்பின் உள் ஓரம், கீழ்ப்பகுதி. அந்த இடத்தில் டிபியாலிஸ் போஸ்டீரியர் எலும்பில் ஒட்டவே இல்லை. இறந்தவர்களின் 50 கால்களைத் திறந்து பார்த்து 1994ல் எழுதினார்கள், அங்கே ஒட்டியிருந்தவை சோலியஸ், விரல் மடக்குகிற தசை, உறைச் சவ்வு. அப்படியென்றால் ஊசி மிகச் சரியாகப் போய் டிபியாலிஸ் போஸ்டீரியரில் நின்றிருந்தாலும், அது உங்கள் வலிக்குச் சம்பந்தமில்லாத தசையாக இருக்கலாம்.

இன்னொன்றும். முதலில் சூடு பிடித்ததும் மறைந்த வலி, பிறகு ஓடிய பின்னும் நின்றது, இப்போது படியிறங்க நோகிறது. இந்த ஏறுவரிசை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு விரல் நுனியால் எலும்பின் மேலேயே அமுக்கிக்கொண்டு போங்கள். ஒரு சாண் நீளத்துக்கு நோகிறதா, ஒரே இடத்தில் ஒரு சதக் காசு அளவுக்கு நோகிறதா?

கல்லடிக்காற்று | புதன், காலை 5.55

காசு அளவு. எலும்பின் மேல்.

ஊசிமுனை | புதன், காலை 6.20

தம்பி, இன்றைக்கு ஓட வேண்டாம். வியாழன் ஊசியும் வேண்டாம். எலும்பு வெடிப்புக்கு முந்தின நிலையா என்று பார்க்க வேண்டும், எலும்பு கிளினிக்குக்குப் போங்கள். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் "ஒன்றுமில்லை" என்று வந்துவிடாதீர்கள், ஆரம்பத்தில் பல வேளை தெரியாது. இதை நான் ஞாயிற்றுக்கிழமையே கேட்டிருக்க வேண்டும், ஊசிக் கேள்வி என்றதும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

கல்லடிக்காற்று | 12 நாள் கழித்து, இரவு 8.15

வந்துவிட்டேன். கிளினிக்கில் டொக்டர் ஒற்றைக்காலில் துள்ளச் சொன்னார், மூன்றாவது துள்ளலில் சுவரைப் பிடித்தேன். எக்ஸ்ரேயில் எலும்பின் உள் ஓரம் ஒரு இடத்தில் கொஞ்சம் தடித்திருக்கிறது, எலும்பு தன்னைத்தானே ஒட்டப் பார்க்கிறது என்றார். ஆறு கிழமை ஓட்டம் இல்லை. சைக்கிள் ஓடலாம், நீந்தலாம். மூன்று கிழமையில் திரும்பப் படம்.

பிசியோவிடமும் போனேன், ஊசிக்கு அல்ல, சொல்லிவிட்டு வர. கோபிப்பார் என்று நினைத்தேன். படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கட்டிலில் படுக்கச் சொல்லி, பேனையால் எலும்பின் ஓரத்தைக் கோடாகக் கீறி, கணுக்காலுக்குப் பின்னால் நாடி துடிக்கிற இடத்தில் என் விரலையே எடுத்து வைத்து, அன்றைக்கு ஊசி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று காட்டினார். "நோகுதா என்று உங்கட முகத்தைப் பார்த்தேன், கை பின்னுக்குப் போய்ட்டு" என்றார். எலும்பை முதலில் அமுக்கிப் பார்க்காதது தன் பிழை என்றும் அவரே சொன்னார். அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

மருத்துவ சபையில் பதிவு இருக்கா என்றும் கேட்டேன், கூச்சமாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினார். இரண்டு தடவை போயும் நான் அதைக் கவனிக்கவில்லை.

மருதமுனைத்தறி | இரவு 8.40

அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியாமத் தெரிஞ்சதே. ஆறு கிழமை சும்மா இருக்க ஏலாட்டி இங்க வாங்க, தறி பார்க்கலாம். மிதிக்க மட்டும் விடமாட்டேன்.

கல்லடிக்காற்று | இரவு 8.52

வருகிறேன் காக்கா. சைக்கிளில்தான், மருதமுனை வரை ஒரே நாளில் ஏலாது போல.

ஊசிமுனை | இரவு 9.05

மருதமுனை வரைக்கும் வேண்டாம். முதல் கிழமை ஆரையம்பதி வரை, அவ்வளவுதான். சீட்டை உயர்த்தி வையுங்கள், மிதி கீழே போகும்போது முழங்கால் கொஞ்சம்தான் மடங்க வேண்டும். அடுத்த படம் எடுத்ததும் எழுதுங்கள்.